பிக்கிள்பால் சர்வ்: புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் பேட்மிண்டன் கோர்ட்டின் மேல் மஞ்சள் டேப் ஒட்டி பிக்கிள்பால் ஆடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. இருபது வருஷம் பேட்மிண்டன் ஆடியவன் என்பதுதான் காரணம். அந்த இருபது வருஷம் எனக்கு உதவியதைவிட உபத்திரவம் கொடுத்ததுதான் அதிகம். அது பின்னால் வரும். சர்வ் பற்றி எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் வலித்துப்போனதால் மொத்தமாக இங்கே.

பிக்கிள்பாலே எனக்குப் புதுசு. சர்வுக்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கோர்ட் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. 44 அடி நீளம், 20 அடி அகலம். பேட்மிண்டன் இரட்டையர் கோர்ட்டின் அதே அளவு. அது தற்செயல் இல்லை. 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்ட் வீட்டுப் பழைய பேட்மிண்டன் கோர்ட்டில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் பொழுது போகாமல் நச்சரிக்க, அவரும் நண்பர் பில் பெல்லும் டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து எதையோ ஆரம்பித்தார்கள். பிறகு பார்னி மெக்கல்லம் சேர்ந்துகொண்டார். ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. படகுப் போட்டியில் மிச்சம் மீதி ஆட்களை வைத்து ஓட்டும் படகை ‘பிக்கிள் போட்’ என்பார்கள். பல ஆட்டங்களின் மிச்சம் மீதியைச் சேர்த்ததால் பிரிச்சர்டின் மனைவி ஜோன் அந்தப் பெயரை வைத்தார்.

நெட்டிலிருந்து இரு பக்கமும் 7 அடி வரை இருக்கும் இடத்துக்குப் பெயர் கிச்சன். அதற்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. கிச்சன் கோட்டிலிருந்து பேஸ்லைன், அதாவது கோர்ட்டின் பின் எல்லைக்கோடு வரை 15 அடி. அதை நடுக்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. 10 அடி அகலம், 15 அடி நீளம் உள்ள அந்தக் கட்டம்தான் சர்வ் போய் விழ வேண்டிய இடம்.

எங்கே நின்று எங்கே போட வேண்டும்?

பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று, குறுக்காக எதிர்க்கட்டத்துக்கு. வலப்பக்கம் நின்றால் எதிராளியின் வலக் கட்டத்துக்கு. பந்து கிச்சனைத் தாண்டி விழ வேண்டும். பக்கக் கோடு, நடுக்கோடு, பேஸ்லைன் இவற்றில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு. கிச்சன் கோட்டில் பட்டால் மட்டும் ஃபால்ட், அதாவது தப்பான சர்வ்.

பேட்மிண்டன்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவும். அங்கே முன்கோட்டில் இறகுப்பந்து விழுந்தால் பாயிண்ட். கோட்டில் விழவைப்பதற்காகவே நாம் வருஷக்கணக்காகப் பழகியிருப்போம். இங்கே அதே கோடு நமக்கு எதிரி.

எத்தனை தடவை முயற்சி செய்யலாம்?

ஒரே ஒரு தடவை. டென்னிஸ் மாதிரி இரண்டாவது சர்வ் கிடையாது. தெருக் கிரிக்கெட் மாதிரி ‘டிரையல்ஸ் பால்’ கேட்கவும் முடியாது. நெட்டில் உரசிவிட்டு சரியான கட்டத்தில் விழுந்தால்? 2021-க்கு முன் அதை மறுபடி போடச் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை, ஆட்டம் தொடரும். நெட்டில் உரசி கிச்சனில் விழுந்தால் போச்சு.

ஒரு சர்வ் வீணாவதில் அப்படி என்ன பெரிய நஷ்டம்?

வழக்கமான ஸ்கோர் முறையில் சர்வ் போடும் பக்கம் மட்டும்தான் பாயிண்ட் எடுக்க முடியும். எதிராளி ரேலியை ஜெயித்தால் அவருக்குப் பாயிண்ட் கிடைக்காது, நம் கையிலிருந்து சர்வ் மட்டும் போகும். ஆகவே சர்வை நெட்டில் அடிக்கிறவர் பாயிண்ட் எடுக்கக் கிடைத்த வாய்ப்பை எதிராளி பந்தைத் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

சர்வால் நேரடியாகப் பாயிண்ட் எடுப்பது டென்னிஸ் கதை. இங்கே கீழிருந்து மேலாக, இடுப்புக்குக் கீழே, ஓட்டைப் பந்தை அடிக்கிறோம். எவ்வளவு வேகமாக அடித்தாலும் காற்று அதைப் பிடித்து நிறுத்தும். நம் மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு உள்ளே விழும் சர்வ், அதிலும் ஆழமாக விழும் சர்வ் போதும். மற்றதெல்லாம் பிறகு.

வாலி சர்வ், டிராப் சர்வ் என்கிறார்களே?

கையிலிருந்து விட்ட பந்தைத் தரையில் படுவதற்கு முன்பே அடித்தால் வாலி சர்வ். பந்தைக் கீழே விட்டு, அது துள்ளி எழுந்த பின் அடித்தால் டிராப் சர்வ். இரண்டாவது வகை 2021-ல்தான் விதிப்புத்தகத்தில் வந்தது.

வாலி சர்வுக்கு மூன்று நிபந்தனைகள், மூன்றும் பேடில் (பிக்கிள்பால் மட்டை) பந்தைத் தொடும் அந்த நொடிக்கானவை. கை கீழிருந்து மேல் நோக்கி வீசப்பட வேண்டும். பந்தைத் தொடும் இடம் இடுப்புக்கு, அதாவது தொப்புள் மட்டத்துக்கு மேலே இருக்கக் கூடாது. பேடில் தலையின் உச்சி மணிக்கட்டின் உச்சியைவிட உயரமாக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். கையை நீட்டிப் பக்கவாட்டில் வீசும்போது பேடில் தானாக நிமிர்ந்துகொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாது. யாரையாவது மொபைலில் பக்கத்திலிருந்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் அதிர்ச்சிதான்.

டிராப் சர்வுக்கு இந்த மூன்றும் கிடையாது. பந்தை வெறுமனே கையிலிருந்து நழுவவிட வேண்டும், அவ்வளவுதான். மேலே தூக்கிப் போடக் கூடாது, கீழே ஓங்கிக் குத்தக் கூடாது. எத்தனை முறை துள்ளினாலும் பரவாயில்லை.

புதியவர் எதில் ஆரம்பிப்பது நல்லது?

டிராப் சர்வில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது மாடி மாமி ஒருவர் இருக்கிறார், வயது 61. இதற்கு முன் எந்த ஆட்டமும் ஆடியதில்லை. முதல் நான்கு நாள் நான் அவருக்கு வாலி சர்வ் சொல்லிக்கொடுத்தேன். பந்து ஒரு பக்கம், பேடில் ஒரு பக்கம். இடக்கை பந்தை விடும்போது வலக்கை ஏற்கெனவே வீசி முடித்திருக்கும். “எனக்கு இது வராதுப்பா, நான் வாக்கிங்கே போயிடறேன்” என்று பேடிலை நீட்டிவிட்டார். ஐந்தாம் நாள் டிராப் சர்வ். “மாமி, பந்தைக் கீழே விடுங்கோ, அது எழுந்து வரட்டும், அவசரமே இல்லை” என்றேன். விட்டார், பார்த்தார், அடித்தார். பந்து கிச்சனைத் தாண்டி விழுந்தது. அன்று பத்தில் ஆறு உள்ளே. இன்று எங்கள் கோர்ட்டில் சர்வைத் தவறவிடாத ஆள் யார் என்று கேட்டால் எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள்.

விஷயம் இதுதான். வாலி சர்வில் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க வேண்டும். டிராப் சர்வில் ஒன்று முடிந்த பிறகு மற்றது. கண்ணுக்கும் நேரம் கிடைக்கிறது.

டிராப் சர்வில் பந்து முழங்காலுக்குக்கூட எழும்ப மாட்டேன் என்கிறதே?

எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறீர்கள் என்று பாருங்கள். விதிப்படி பந்தை 78 அங்குல உயரத்திலிருந்து கருங்கல் பலகை மேல் போட்டால் 30 முதல் 34 அங்குலம் வரை எழும்ப வேண்டும். அதாவது விட்ட உயரத்தில் பாதிகூடத் திரும்பி வராது. நீங்கள் இடுப்பு மட்டத்தில், சுமார் 40 அங்குலத்தில் விட்டால் 16, 17 அங்குலம்தான் எழும்பும். அதைக் குனிந்து கிளற வேண்டியிருக்கும். கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டி விட்டால் 22 அங்குலம் பக்கம் வரும். அது வசதியான உயரம். தலைக்கு மேலே கையை உயர்த்தி விட்டாலும் விதி தடுக்காது, ஸ்டூல் மேல் ஏறி நிற்காதவரை.

உடலுக்கு ஒட்டி விடாதீர்கள். முன்காலுக்கு ஓர் அடி முன்னால், அடிக்கும் கைப் பக்கமாக விடுங்கள். பந்து எழுந்து உச்சிக்கு வந்து ஒரு கணம் நின்ற மாதிரி இருக்கும். அடிக்க வேண்டிய நேரம் அதுதான்.

சரி, வீச்சு எப்படி இருக்க வேண்டும்?

பேடிலைக் கை குலுக்குவது போலப் பிடியுங்கள். இறுக்கம் வேண்டாம்; தக்காளியைக் கையில் வைத்திருப்பது போல, நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. வலக்கைக்காரர் என்றால் இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே, தோள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இருக்கட்டும். உடல் எடை பின்காலில்.

பேடில் பின்னால் போவது கொஞ்சம்தான். பிட்டத்துக்குப் பின்னால் ஓர் அடி போதும், முதுகுக்குப் பின்னால் சுற்ற வேண்டியதில்லை. அங்கிருந்து ஊஞ்சல் வருவது போலத் தோளிலிருந்து முன்னால் வரட்டும். முழங்கை, மணிக்கட்டு இரண்டும் சும்மா கூடவே வரும் பயணிகள். கை வரும்போதே எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற வேண்டும். கை மட்டும் அடித்தால் நாலு நாளில் முழங்கை பேச ஆரம்பிக்கும்.

பந்தைத் தொட்டவுடன் நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலோர் செய்யும் தப்பு அது. பந்து போக வேண்டிய இடத்தைப் பேடிலே காட்டுவது போல முன்னாலும் மேலாகவும் போய் முடியட்டும். முடியும்போது உங்கள் கை எதிர்த் தோளுக்கு நேராக வந்திருந்தால் சரி. வீச்சு முடியும்வரை தலையைத் தூக்காதீர்கள். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கும் ஆசைதான் பாதிச் சர்வைக் கெடுக்கிறது. எப்படியும் எதிராளி சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. அடிப்பதற்கு முன் ஏதாவது ஒரே மாதிரிச் சடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பந்தை இரண்டு தடவை தரையில் தட்டி, மூச்சை விட்டு, எதிர்க்கட்டத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, பிறகு ஸ்கோர் சொல்கிறேன். பக்கத்து பிளாக் சார் ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்கிறார். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் அதையே செய்ய வேண்டும்.

என் சர்வ் நெட்டிலேயே போய் முட்டுகிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பந்தை ரொம்பத் தாமதமாக, உடம்புக்குப் பக்கத்தில் வந்த பிறகு அடிக்கிறீர்கள். இல்லை, வீச்சைப் பந்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். இல்லை, நெட்டை ஒட்டி அடித்தால்தான் நல்ல சர்வ் என்று நினைக்கிறீர்கள். நெட் பக்கக் கோட்டில் 36 அங்குலம், நடுவில் 34. அதற்கு மேல் மூன்று, நான்கு அடி வானம் முழுக்க உங்களுடையது. தாராளமாக வளைத்துப் போடுங்கள். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று குறுக்காகப் போட்டால் பந்து நெட்டின் நடுப்பகுதியை ஒட்டிப் போகும், அங்கே இரண்டு அங்குலம் தாழ்வு. சின்ன லாபம்தான், ஆனால் இலவசம்.

எனக்கு நேர்மாறு. எப்போதும் பேஸ்லைனைத் தாண்டிப் போகிறது.

பேடில் முகம் வானத்தைப் பார்க்கிறது. பந்தைத் தொடும்போது மணிக்கட்டை உதறுகிறீர்கள். நான் ஒரு மாதம் இப்படித்தான் இருந்தேன். இறகுப்பந்தைச் சுண்டிச் சுண்டிப் பழகிய மணிக்கட்டு, சொன்னால் கேட்காது. கடைசியில் கையில் ரிஸ்ட் பேண்டுக்குள் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி, மணிக்கட்டு மடங்காமல் இரண்டு சாயங்காலம் சர்வ் போட்டேன். பார்த்தவர்கள் கை முறிந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். வழிக்கு வந்தது.

பந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ தவறிப் போனால் அது பெரும்பாலும் காலின் கோளாறு. முன்கால் விரல் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் பந்து போகும்.

ஆழமாகப் போடு, ஆழமாகப் போடு என்கிறார்கள். ஏன்?

இந்த ஆட்டத்தில் கிச்சன் கோட்டுக்கு யார் முதலில் போய் நிற்கிறார்களோ அவர்கள் கைதான் ஓங்கும். ஆனால் சர்வை எதிராளி ஒரு தடவை தரையில் துள்ளவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் திருப்பியதை நாமும் துள்ளவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு துள்ளல் விதி என்பது இது. அதனால் ரிட்டர்ன் போட்டவர் உடனே முன்னால் ஓடிவிடலாம், நாம் பின்னாலேயே காத்திருக்க வேண்டும். அதாவது சர்வ் போடும் பக்கம் ஒரு படி பின்தங்கித்தான் ரேலியைத் தொடங்குகிறது.

அந்தக் குறையை நம்மால் ஈடுகட்ட முடிகிற ஒரே வழி ஆழம். சர்வ் பேஸ்லைனுக்குப் பக்கத்தில் விழுந்தால் எதிராளி பின்வாங்கி எடுக்க வேண்டும், ஓட வேண்டிய தூரம் கூடும், ரிட்டர்னும் பலமாக வராது. நடுவில் விழுந்தால் அவர் நடந்துகொண்டே அடித்துவிட்டு நேராகக் கிச்சனுக்கு வந்து நின்றுவிடுவார்.

ஆனாலும் கோட்டையே குறிவைக்காதீர்கள். பேஸ்லைனுக்கு மூன்றடி உள்ளே குறிவையுங்கள். இரண்டடி தப்பினாலும் உள்ளேதான் விழும். எங்கள் கோர்ட்டில் அந்த இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிடுவோம். பந்து தாளில் விழுந்தால் ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே பையன்கள் இன்னும் பத்து போடுவார்கள்.

சர்வ் போட்டதும் முன்னால் ஓடலாமா?

ஓடாதீர்கள். ஓடினால் ரிட்டர்ன் உங்கள் காலடியில் வந்து விழும், துள்ளவிட இடம் இருக்காது. உங்கள் ஜோடியும் பின்னாலேயே நிற்க வேண்டும். பேட்மிண்டன் பழக்கத்தில் ஜோடியை முன்னால் நிறுத்திவிட்டு சர்வ் போடுகிறவர்கள் எங்கள் கோர்ட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

ஸ்கோரில் ஏன் மூன்று எண்கள்?

சர்வ் போடும் பக்கத்தின் பாயிண்ட், எதிர்ப்பக்கத்தின் பாயிண்ட், இப்போது போடுகிறவர் முதல் ஆளா இரண்டாவது ஆளா என்பது. “நாலு, ரெண்டு, ஒண்ணு” என்றால் நமக்கு நாலு, அவர்களுக்கு ரெண்டு, நான் முதல் சர்வர். நான் தோற்றால் என் ஜோடி “நாலு, ரெண்டு, ரெண்டு” என்று தொடங்குவார். அவரும் தோற்றால் சர்வ் எதிர்ப்பக்கம் போகும்.

ஆட்டம் தொடங்கும்போது மட்டும் “ஜீரோ, ஜீரோ, ரெண்டு”. முதலில் போடும் பக்கத்துக்கு அளவு மீறிய லாபம் வந்துவிடக் கூடாது என்று அவர்களுக்கு ஒரே ஒரு சர்வர்தான். ஒற்றையர் ஆட்டத்தில் மூன்றாவது எண் கிடையாது.

ஸ்கோரை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அடிக்க வேண்டும். சொன்ன பிறகு 10 விநாடி அவகாசம். சொல்லிக்கொண்டே அடிப்பது நம் ஊரில் தொற்றுநோய் மாதிரி இருக்கிறது. எதிராளிக்குத் தயாராக நேரம் இல்லாமல் போவது ஒரு பக்கம். ஸ்கோர் சொல்லும் மூச்சில் அடித்தால் உங்கள் சர்வும் தடுமாறும்.

எந்தப் பக்கம் நிற்பது என்று குழம்புகிறது.

உங்கள் பக்கத்தின் பாயிண்ட் இரட்டைப்படை என்றால், ஆட்டத்தின் முதல் சர்வை எடுத்தவர் வலப்பக்கம் இருப்பார். ஒற்றைப்படை என்றால் அவர் இடப்பக்கம். சர்வ் போட்டுப் பாயிண்ட் எடுத்தால் ஜோடியோடு இடம் மாறுங்கள். பாயிண்ட் கிடைக்காமல் சர்வ் போனால் இருந்த இடத்திலேயே இருங்கள்.

கால் விஷயத்தில் என்ன விதி?

பந்தை அடிக்கும் நொடியில் குறைந்தது ஒரு கால் பேஸ்லைனுக்குப் பின்னால் தரையில் இருக்க வேண்டும். எந்தக் காலும் பேஸ்லைனையோ கோர்ட்டுக்குள்ளேயோ தொடக் கூடாது. பக்கக் கோட்டையும் நடுக்கோட்டையும் பின்னால் நீட்டினால் வரும் கற்பனைக் கோடுகளுக்கு வெளியிலும் நிற்கக் கூடாது. அடித்த பிறகு உள்ளே போனால் தப்பில்லை.

இதில் நான் பட்டது. எங்கள் குடியிருப்பின் சின்னப் போட்டி ஒன்றில் 10-9 என்று முன்னிலை, என் சர்வ். நல்ல ஆழமாகத்தான் விழுந்தது. எதிராளி வெளியே அடித்துவிட்டார், நாங்கள் கையைக் கூடத் தட்டிவிட்டோம். கோட்டோரம் உட்கார்ந்திருந்த எட்டாவது படிக்கும் பையன் எழுந்து வந்து, “அங்கிள், உங்க ஷூ” என்று டேப்பைக் காட்டினான். முன்கால் கோட்டை மிதித்து டேப்பையே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. வாதாட வழியே இல்லை. நாங்கள் அந்த ஆட்டத்தைத் தோற்றோம். அன்று முதல் நான் கோட்டுக்கு ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறேன். 44 அடிக் கோர்ட்டில் ஒரு அடி பெரிய விஷயமே இல்லை.

பந்தை விரலால் சுழற்றிவிட்டு அடிக்கிறார்களே, வீடியோவில் பார்த்தேன்.

பழைய வீடியோ. ஸேன் நவ்ராட்டில் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பிரபலமாக்கிய ‘செயின்சா சர்வ்’ அது. பந்து தரையில் பட்டதும் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாமல் ஆட்டமே சர்வோடு முடிய ஆரம்பித்தது. 2023 முதல் பந்தை விடும்போது கையால் சுழற்றுவது தடை. பேடிலால் உரசிச் சுழல் கொடுக்கலாம். ஆனால் பத்தில் ஒன்பது உள்ளே விழும் நிலை வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வேறு ஆட்டம் ஆடிய பழக்கம் உதவுமா?

டென்னிஸ்காரர்களுக்கு வீச்சு அழகாக வரும், ஆனால் கை மேலே போகத் துடிக்கும். டேபிள் டென்னிஸ்காரர்கள் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். பேட்மிண்டன் பற்றிச் சொல்லிவிட்டேன். என் அனுபவத்தில் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவர்கள் ஃபீல்டிங் செய்த கிரிக்கெட்காரர்கள். விக்கெட் கீப்பருக்குக் கீழ்க்கையால் பந்தை எறிவது ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே வீச்சுதான். சில சமயம் புதியவர்களை முதலில் பேடிலே இல்லாமல் பந்தைக் கீழ்க்கையால் எதிர்க்கட்டத்துக்கு எறியச் சொல்வேன். அதற்குப் பிறகு பேடிலைக் கொடுத்தால் கை தானாக வழி கண்டுபிடிக்கும்.

காற்றில் பந்து அலைகிறதே?

பந்தின் எடை 22 முதல் 26 கிராம் சுமார். அதில் ஓட்டை வேறு. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் மொட்டைமாடிக் கோர்ட்டில் சர்வ் தன் இஷ்டத்துக்குப் போகும். காற்றுக்கு எதிராகப் போடும்போது உயரத்தைக் குறைத்து கொஞ்சம் பலமாக அடியுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் பேஸ்லைனை மறந்துவிட்டுக் கட்டத்தின் நடுவைக் குறிவையுங்கள், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

வெளியில் ஆட வழக்கமாக 40 ஓட்டைப் பந்து, உள்ளரங்கில் 26 ஓட்டைப் பந்து. வெளிப்பந்து கடினம், ஓட்டைகள் சிறியவை. வெயிலில் கிடந்த பந்து இளகிப்போய்ப் பேடிலில் அமுங்கும், நிழலில் வையுங்கள். விரிசல் விட்ட பந்து ‘டப்’ என்று செத்த ஓசை கொடுக்கும், அதில் சர்வ் பழகாதீர்கள்.

தனியாகப் பழக முடியுமா?

சர்வ் ஒன்றுதான் தனியாகப் பழக முடிகிற அடி. பத்துப் பந்து, ஒரு வாளி, கால் மணி நேரம். ஒரு பக்கத்திலிருந்து பத்தும் போட்டு, நடந்து போய்ப் பொறுக்கி, அங்கிருந்து திரும்பப் பத்து. எண்ணிக்கொள்ளுங்கள். நெட் இல்லையென்றால் சுவரில் 34 அங்குலத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு மேல் மூன்றடியில் இன்னொன்று. 22 அடி தள்ளி நின்று இரண்டுக்கும் நடுவே அடியுங்கள். கார் நிறுத்துமிடச் சுவர் வேண்டாம், எங்கள் அசோசியேஷனில் அதற்கு ஒரு தீர்மானமே போட்டிருக்கிறார்கள்.

சர்வுக்கு நல்ல பேடில் எது?

கையில் இருப்பது. ஆறு மாதம் கழித்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பந்து யார் மேலாவது பட்டுவிட்டால்?

தரையில் படுவதற்கு முன் எதிராளி மேலோ அவர் ஜோடி மேலோ பட்டால் பாயிண்ட் உங்களுக்கு. உங்கள் ஜோடி முதுகில் பட்டால் ஃபால்ட், சாயங்கால டீச் செலவும் உங்களுடையது.

“உன் சர்வ் தப்பு” என்று எதிராளி சண்டைக்கு வந்தால்?

அம்பயர் இல்லாத ஆட்டத்தில் பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் உரிமை அது விழுந்த பக்கத்தவருடையது. சந்தேகம் என்றால் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும். மணிக்கட்டு உயரம், இடுப்பு உயரம் பற்றிய சண்டைக்கு மட்டும் முடிவே கிடையாது. எங்கள் கோர்ட்டில் இரண்டு பெரியவர்கள் இதனால் பத்து நாள் லிஃப்டில் முகம் பார்க்கவில்லை. நான் கண்ட ஒரே வழி, யாராவது ஆட்சேபம் சொன்ன அடுத்த நிமிடமே டிராப் சர்வுக்கு மாறிவிடுவது. அதில் மணிக்கட்டும் இல்லை, இடுப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் பேட்மிண்டன் கோர்ட் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

தாராளமாக. வெளிக்கோடுகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பேட்மிண்டன் முன்கோடு நெட்டிலிருந்து ஆறரை அடியில் இருக்கும், கிச்சன் கோடு 7 அடி. அரை அடி தள்ளி வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். இந்த அரை அடியைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டுப் பழகினால் வெளியில் ஆடப் போகும்போது சர்வ் குட்டையாக விழும். பின்னால் இருக்கும் இரட்டையர் சர்வ் கோடு நமக்கு வேண்டாம். நெட்டை ஐந்தடியிலிருந்து இறக்கிக் கட்டுங்கள், ஓரத்தில் 36 அங்குலம். பெயின்பிரிட்ஜ் தீவிலும் முதலில் பேட்மிண்டன் உயரத்தில் வைத்து ஆடிப் பார்த்து, பிறகுதான் இறக்கினார்கள். நடுவில் 34 வருகிறதா என்று அளக்க டேப் தேடி அலைய வேண்டாம். இரண்டு பேடிலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். பேடிலின் நீளம் அதிகபட்சம் 17 அங்குலம், பெரும்பாலானவை 16 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். இரண்டு பேடிலுக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தால் சரியாக வரும்.